கரண்டியைக் கீழே வைக்கிற பக்குவம்

மீன் குழம்பு வைக்கப் பழக வருகிறவர்கள் எல்லாரும் மசாலா அளவைத்தான் கேட்கிறார்கள். மல்லி எத்தனை கரண்டி, வத்தல் எத்தனை, புளி எவ்வளவு என்று. எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை வேறொன்றில்: மீனைப் போட்ட பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, அடுப்படியிலேயே பாதி ஆயுளைக் கழித்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். சமையலுக்கும் சுவர் வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் சேர்த்து எனக்குக் கைகொடுத்த பாடம் இது.

எங்கள் பக்கத்துக் குழம்புக்குத் தேங்காய், சின்ன வெங்காயம், சீரகம் மூன்றையும் மையாக அரைக்க வேண்டும். புளித்தண்ணீரில் மல்லி, வத்தல், மஞ்சள் கரைத்து, கல் உப்புப் போட்டு, காலத்துக்கு ஏற்ப முருங்கைக்காயோ மாங்காயோ சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடலாம். பிறகு தேங்காய் அரைப்பு. அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டலாம், உப்புப் புளி பார்க்கலாம், குறைந்ததைச் சேர்க்கலாம். மீன் உள்ளே போனதும் அந்த உரிமை முடிந்தது. ஆட்டுக்கறியில் சதையை இறுக்கிப் பிடிக்கும் சவ்வு நிறைய உண்டு; மீனில் அது குறைவு, இருப்பதும் சின்னச் சூட்டிலேயே கரைந்துவிடும். கரண்டி போட்டால் முள் தனி, சதை தனி. சட்டியின் இரண்டு பக்கமும் துணி வைத்துப் பிடித்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், போதும். விளமீன், பாறை என்றால் துண்டின் கனத்தைப் பார்த்து ஏழெட்டு நிமிடம்; நெத்திலிக்கு அதில் பாதி. பதம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே இறக்கிவிடுங்கள். மண்சட்டி இறக்கிய பிறகும் சற்று நேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இறாலும் இப்படித்தான். அரை வட்டமாக வளைந்தால் பதம், முழுதாகச் சுருண்டுவிட்டால் ரப்பர். கணவாய் இன்னும் கறாரானது. நல்ல சூட்டில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். தவறினால் முக்கால் மணி நேரம் சிறுதீயில் வேகவிட்டு மறுபடி மெதுவாக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அதை மெல்ல முடியாது. பத்து நிமிடம் வறுத்துவிட்டுக் கணவாயே பிடிக்காது என்று சொல்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எவ்வளவு ருசியான சாப்பாடு அது!

கையை எடுக்கவே கூடாத இடமும் உண்டு. அது மீன் வாங்குகிற இடம். கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, சதையை அழுத்தினால் குழி விழாமல் எழும்புகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். சூரை, அயிலை இரண்டும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வரும். “நல்லா வேக வச்சா சரியாப் போகும்” என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

இனி சுவர். அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நான் இன்றும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடிக்கச் சொல்வேன். கடலில் கிடந்த சிப்பியைச் சூளையில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் நீற்றி, சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சிப்பியாக இருந்த பொருளாகவே இறுகிவிடும். கடல் நமக்குச் சட்டிக்கு மீனும் கொடுத்து, சட்டி வைக்கும் அடுப்படிக்குச் சுவரும் கொடுத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றும். சுண்ணாம்புக் காரத்தில் பூஞ்சணமும் லேசில் வராது.

நீற்றும்போது பிளாஸ்டிக் வாளி வேண்டாம், சூட்டில் உருகிவிடும். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஓர் இரவாவது ஊறட்டும். பிறகு பழைய வேட்டியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சி கொஞ்சம், நீலம் ஒரு துளி சேர்த்து, மோர்ப் பதத்தில் கரைக்க வேண்டும். சுவரை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் அடிக்க வேண்டும்.

அடித்ததும் சுவரில் ஒன்றுமே தெரியாது. ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரிதான் இருக்கும். போன பொங்கலுக்கு முன்னால் என் பேத்தி மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆச்சி, பழைய கறை அப்படியே தெரியுது, இன்னும் கெட்டியா ஒண்ணு அடிச்சிரட்டுமா?” என்று தவித்தாள். “பொறு தாயி, காயட்டும். காலையில பாரு” என்றேன். கெட்டியாக அடித்த சுண்ணாம்பு காய்ந்ததும் செதில் செதிலாக உரிந்து விழும். தண்ணீராக அடித்து, காயவிட்டு, மேலும் இரண்டு முறை அடித்தால்தான் சுவரோடு ஒட்டும். மறுநாள் காலையில் சுவர் பளிச்சென்று வெளுத்திருந்தது. அவள் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

அடியில் காவிப் பட்டை அடித்தோம். அதற்கு மேல் வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கிக் காவியில் தொட்டு வரிசையாகப் பூ ஒற்றினாள். பழைய எக்ஸ்ரே பிலிமில் மீன் வடிவம் வெட்டி, அதைச் சுவரில் வைத்து ஒரு நெத்திலிக் கூட்டமும் ஒற்றினாள். மஞ்சள் நிறம் வேண்டும் என்று மஞ்சள் தூளை எடுத்து வந்தாள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், ஆரத்தித் தண்ணீர் அப்படித்தானே செய்கிறோம். வெயிலில் அதுவும் வெளுத்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் நிற்பது மண்ணிலிருந்து வரும் நிறம்தான்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் கடல் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளை உடைத்துப் படகு படகாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தினார்கள். 1986-இல் தேசியப் பூங்காவான பிறகும் அது உடனே நிற்கவில்லை. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. பாறையை உடைத்ததுதான் அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2001-இல் பவளத்தையும் கடல்குதிரையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். சுவர் அலங்காரத்துக்கு என்று யாராவது அவற்றை விற்றால் வாங்காதீர்கள். அது குற்றம், எங்களுக்கு அது நெஞ்சில் குத்துகிற விஷயமும்கூட. மீன்பிடித் தடைக்காலத்தையும் அப்படியே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் சினைப்படும் காலம் என்று விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2017-க்கு முன்பு 45 நாள்தான். தடை நாட்களில் நாட்டுப்படகு கொண்டுவருவதையும் கருவாட்டையும் வைத்துச் சமைத்தால் என்ன குறைந்துவிடும்?

கரண்டியைக் கீழே வைக்கிற பாடம் பெற்றவர்களுக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் பொருந்தும் என்பேன். பிள்ளை சிறிதாக இருக்கும்போது உப்புப் புளி பார்க்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. அவர்கள் தனிக் குடும்பமான பிறகும் கிண்டிக்கொண்டே இருந்தால் உடைவது அவர்கள்தான். என் மருமகள் குழம்பில் தக்காளி போடுகிறாள். என் அம்மா வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். குழம்பு உண்மையாகவே நன்றாக இருக்கிறது. அவள் கேட்டால் புளியின் அளவைச் சொல்வேன்.

சென்னையில் அவர்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. சுவரில் எமல்ஷன் பெயிண்ட். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பேத்தி அதே எக்ஸ்ரே பிலிமை வைத்துத் தன் அறைச் சுவரில் அக்ரிலிக் பெயிண்டால் மீன் வரையப் போவதாகப் போனில் சொன்னாள், ஊதா நிறத்தில். ஊதா நிற நெத்திலியை நான் எந்தக் கடலிலும் பார்த்ததில்லை. நிறம் அவள் விருப்பம். ஸ்பாஞ்சில் பெயிண்டைக் குறைவாகத் தொட்டுக்கொள், முதலில் ஒரு காகிதத்தில் ஒற்றி எடு, பிறகு சுவரில் மெல்லத் தட்டு, இழுத்தால் பிலிமுக்கு அடியில் கசிந்து ஓரம் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னேன்.