ஆறு பரப்புக் காணியும் வங்குரோத்தும்

வங்குரோத்து என்ற சொல்லை ஊரில் நாங்கள் அரசியல் மேடைகளில்தான் கேட்டிருக்கிறோம். வங்குரோத்து அரசியல், வங்குரோத்துத் தலைமை என்று வாய்க்கு வாய் பேசுவார்கள். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று பின்னர் யாரோ சொன்னார்கள். காசு முட்டுப்பட்ட மனிதருக்கு நாங்கள் அந்தச் சொல்லைப் பாவித்ததில்லை. அவர் 'முறிஞ்சு போனார்', அவ்வளவுதான். காணி இருந்தவர் ஒற்றி வைத்தார், ஈடு வைத்தார், கடைசியில் அறுதியாக எழுதிக் கொடுத்தார். ஒன்றுமில்லாதவர் ஒருநாள் விடியும்போது வீட்டில் இருக்கமாட்டார்; வன்னிப் பக்கம் போய்விட்டதாகக் கதை வரும். 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலும் பெற்றோர் பட்ட கடனுக்கு ஆண்பிள்ளைகள் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. பட்ட கடனைச் சட்டத்தின் முன் வைத்து, எங்களால் முடிந்தது இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழும்பி வரலாம் என்பது நாங்கள் வளர்ந்த வீடுகளில் யாருக்கும் தெரிந்த விஷயமல்ல.

ஸ்காபரோவில் 2016இல் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டோம். இடியப்பம், கொத்துரொட்டி, றோல்ஸ், சனி ஞாயிறுகளில் ஓடியற்கூழ். மோசமில்லாமல் ஓடியது. 2020 பங்குனியில் கொரோனாவோடு எல்லாம் நின்றது. அரசாங்கம் வங்கிகள் மூலம் சிறு வியாபாரங்களுக்குக் கொடுத்த கடனில் முதலில் 40,000 டொலரும், பிறகு 20,000 டொலரும் எடுத்தோம். 2024 தை 18க்கு முன் 40,000ஐக் கட்டினால் மிச்சம் 20,000 தள்ளுபடி. எங்களால் கட்ட முடியவில்லை. அன்றோடு முழு 60,000மும் ஐந்து வீத வட்டிக் கடனானது. கடையைக் கம்பனியாகப் பதியாமல் எங்கள் இருவர் பெயரிலுமே நடத்தியதால் கடையின் கடன் எங்கள் கடன். கிறெடிட் கார்ட்டுகளில் 38,000, வங்கியின் கடன்வரியில் 19,000, சீட்டில் இன்னும் கட்ட வேண்டியது 12,000. எல்லாம் சேர்த்து 129,000. அந்தச் சித்திரையில் கடையைப் பூட்டினோம்.

அதன் பின் ரெலிபோன் மணி அடித்தாலே நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. கடன் அறவிடும் ஆட்கள் காலை எட்டு மணிக்கே எடுப்பார்கள். எடுக்காமல் விட்டால் ஊரிலிருந்து வரும் அழைப்பும் தவறிப்போகும். அம்மாவுக்கு வருத்தம் கூடின செய்தியை அப்படித்தான் ஒருநாள் பிந்தி அறிந்தோம்.

முதலில் போனது கடன் ஆலோசகர் என்று தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம். எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 1,500 டொலர் வாங்கினார். மூன்று கிழமை கழித்து அவர் தந்தது ஒரு விலாசம் மட்டும். அந்த விலாசத்துக்கு நாங்களே நேராகப் போயிருந்தால் முதற் சந்திப்புக்கு ஒரு சதமும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தெரியாமல் இருந்ததற்கு நாங்கள் கட்டிய கூலி அது.

லோயரிடம் போக வேண்டும் என்று சொன்னது மகள். எங்களுக்கு விருப்பமில்லை. ஊரில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்றாலே காணிச் சண்டையும் கோட்டுப் படியும்தான். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் போனால் முதல் அரைமணித்தியாலம் வரை இலவசம் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஆவணி மாதத்தில் ஒருநாள் ஒரு பையில் கடிதங்களைக் கட்டிக்கொண்டு போனோம். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, எங்கள் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

அந்தப் பிள்ளை முதல் சொன்னதே எங்களுக்குப் புதினம். "அங்கிள், அன்ரி, வங்குரோத்துப் பதியிறது லோயரின்ர வேலையில்லை. கனடாவில அதை உரிமம் பெற்ற ட்ரஸ்ரி ஒருவர்தான் செய்யலாம்."

அப்படியானால் நாங்கள் ஏன் வந்தோம் என்று கேட்டோம்.

"ட்ரஸ்ரி உங்கட ஆள் இல்லை. அவர் கடன் குடுத்தவையின்ர பக்கத்தையும் பார்க்க வேணும். நீங்கள் எனக்குச் சொல்லுறது எங்களுக்குள்ளதான் இருக்கும். அவரிட்டச் சொல்லுறது அப்பிடியில்லை. அங்க போக முதல், என்ன கேப்பினம், உங்களிட்ட என்ன பதில் இருக்கு எண்டு பார்ப்பம்."

அவர் கேட்டவற்றில் மூன்று கேள்விகளில் நாங்கள் தடுக்கி விழுந்தோம்.

கடந்த பன்னிரண்டு மாதத்தில் சொந்தக்காரர் யாருக்காவது காசு திருப்பிக் கொடுத்தீர்களா? கொடுத்தோம். கடைச் சாமான்களை விற்ற காசில் ஆனி மாதம் அண்ணருக்கு 8,000 கொடுத்தோம். அவர்தான் கடை தொடங்கக் கைகொடுத்தவர். முதலில் அவருடைய கடனைத் தீர்த்தது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சட்டத்தின் கண்ணில் அது மற்றக் கடன்காரரைப் பின்தள்ளி ஒருவருக்கு முந்திக் கொடுத்தது. வங்குரோத்துப் பதிந்தால் ட்ரஸ்ரி அந்தக் காசை அண்ணரிடமே திருப்பிக் கேட்கலாம். நன்றி என்று நினைத்துச் செய்தது அவர் வாசலுக்கு வில்லங்கமாகப் போகும் என்று யார் கண்டது?

உலகத்தில் எங்கேயாவது சொத்து இருக்கிறதா? இல்லை என்று சொல்ல வாயெடுத்தோம். பிறகு ஆளையாள் பார்த்தோம். வலிகாமம் வடக்கில் ஆறு பரப்புக் காணி, எங்களில் ஒருவரின் சீதனம். 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு அங்கிருந்து வெளிக்கிட்டோம். உறுதி 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிவரை வந்து அங்கே தொலைந்தது. யுத்தம் முடிந்த பிறகு துண்டு துண்டாக விடப்பட்ட காணிகளில் எங்களுடையது இல்லை. ஆமி இன்னும் உள்ளே இருக்கிறது. அது சொத்தா?

"சொத்துத்தான். நீங்கள் சொல்லத்தான் வேணும்," என்றார் அந்தப் பிள்ளை. "சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிற தாள். ஒளிச்சால் குற்றம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன்னுடைய அம்மம்மாவின் வீடும் அந்தப் பக்கம்தான் என்றார்.

யாழ்ப்பாணத்தில் மருமகள் காணிக் கந்தோரில் ஏறி இறங்கிப் பிரதி எடுத்து அனுப்பினாள். லோயர் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினார்: எப்போதிருந்து இராணுவத்தின் கையில், உரிமையாளர் உள்ளே போக முடியாது, வாங்க ஆள் இல்லை. அதை வைத்து ட்ரஸ்ரி போட்ட பெறுமதி 6,000 டொலர். குறைவாக எழுதினால் எங்களுக்குத்தான் நல்லது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு பனையும் ஒரு கிணறும் இரண்டு பலாவும் நின்ற நிலம். வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் இருவரும் கதைக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, யார் யாருக்குக் கடன்? வங்கிகளைச் சொன்னோம், சீட்டைச் சொல்லவில்லை. சீட்டு எங்களுக்குக் கடனாகவே படவில்லை, அது வாக்கு. இருபது பேர், மாதம் 1,000. அவசரத்துக்குக் கழித்து எடுத்துவிட்டோம். இன்னும் பன்னிரண்டு மாதம் கட்ட வேண்டும். பிடிக்கிற அக்கா எங்களுக்காகத் தன் கையால் கட்டிக்கொண்டிருந்தார். மகள் பையிலிருந்த கொப்பியைக் காட்டித்தான் அது வெளிவந்தது. அதையும் எழுத வேண்டும் என்றார் லோயர். எழுதினால் அக்காவுக்கும் வங்கிக்குப் போகிற அதே கடிதம் போகும். வங்கிக்கு டொலருக்கு எத்தனை சதமோ அக்காவுக்கும் அத்தனை சதம். எழுதாமல் ஒளித்துக் கட்ட முடியாதா என்று நாங்கள் கேட்டதை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. "எல்லாம் முடிஞ்ச பிறகு நீங்களாக மனமுவந்து குடுக்கிறதைச் சட்டம் தடுக்காது. இப்ப ஒளிச்சுக் குடுக்காதேங்கோ," என்றார்.

எல்லாம் பார்த்த பிறகு வங்குரோத்து வேண்டாம் என்பதுதான் அவரின் அபிப்பிராயம். முதல் தடவை வங்குரோத்து என்றால் ஒன்பது மாதத்தில் விடுபடலாம். குறித்த அளவுக்கு மேல் வருமானம் இருந்தால் அது இருபத்தொரு மாதம், மிஞ்சுவதில் பாதியும் கட்ட வேண்டும். காணியும் ட்ரஸ்ரியின் கைக்குப் போகும். அதற்குப் பதிலாகக் கடன்காரருக்கு ஒரு முன்மொழிவு வைக்கலாம். வீட்டு ஈட்டைத் தவிர்த்து 250,000 டொலருக்கு மேல் கடன் போகாத ஒருவர், ஐந்து வருடத்துக்குள் இவ்வளவு கட்டுகிறேன் என்று கேட்கலாம். வங்குரோத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். மாதம் 640 டொலர், அறுபது மாதம், மொத்தம் 38,400. காணி எங்களோடேயே இருக்கும், அண்ணரின் காசும் அவரிடம் இருக்கும். கடன்காரருக்குப் பதில் சொல்ல நாற்பத்தைந்து நாள். புரட்டாதியில் ட்ரஸ்ரி மூலம் பதிந்தோம். அதோடு அறவிடும் ஆட்களின் அழைப்புகள் நின்றன. அந்த அமைதி முதலில் பயமாகத்தான் இருந்தது.

அக்கா கடிதத்தோடு நேரே வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

"எனக்குக் கோட்டுக் கடுதாசி வந்திருக்கு. இதில நான் என்ன எழுதுறது?"

உரிமை கோரும் படிவத்தை விளங்கப்படுத்தினோம். எவ்வளவு வர வேண்டும், அதற்கு அத்தாட்சி என்ன.

"அத்தாட்சி? சீட்டுக்கு ஆர் கையெழுத்து வாங்கினது?" கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "வங்கிக்காரனோட என்னை ஒரே வரிசையில விட்டிட்டியளே."

அவர் அந்தப் படிவத்தை அனுப்பவேயில்லை. கடைசித் தவணைவரை எங்கள் பங்கையும் தானே கட்டி, மற்றப் பதினெட்டுப் பேருக்கும் ஒரு சொல்லும் தெரியாமல் அந்தச் சீட்டை முடித்தார். எங்கள் முன்மொழிவு 2029இல் முடியும். அதற்குப் பிறகு தர வேண்டிய 12,000ஐ நாங்கள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். அதை அவரிடம் சொல்லப் போனபோது, "அப்ப பாப்பம்" என்றார்.

இந்த வருடம் அவர் புதுச் சீட்டுத் தொடங்கியிருக்கிறார். பழைய ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களாம். எங்களைக் கேட்கவில்லை.