ரிவர்ஸ்டன் ஏறுவதா, எலஹெர சுற்றுவதா?

வில்கமுவயில் இருக்கும் பெட்ச்மேட் வீட்டுக்கு சைக்கிளில் போவது என்று கென்டீனில் ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்தோம். எந்தப் பாதையால் போவது என்று முடிவெடுக்க இரண்டு கிழமை போனது.

மாத்தளையிலிருந்து பார்த்தால் நடுவில் நக்கிள்ஸ் மலை மதில் மாதிரி நிற்கிறது. தெற்கால் சுற்றினால் கண்டி, ஹுன்னஸ்கிரிய, பிறகு 18 வளைவு இறங்கி ஹசலக. நல்ல ரோடுதான், ஆனா பஸ்காரர்களோடு அந்த வளைவுகளைப் பங்கு போட எனக்குத் தைரியம் இல்லை. வடக்கால் என்றால் நாவுல, எலஹெர. ஏற்றம் குறைவு, ஆனால் வெயில், அதோடு யானை. நடுவால் போவதென்றால் ரத்தோட்டை ஏறி ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி, இலுக்கும்புர, பல்லேகம வழியாக இறங்க வேண்டும்.

நான் ரிவர்ஸ்டன் என்று அடம்பிடித்தேன். உண்மையான காரணத்தை மச்சானிடம் சொல்லவில்லை. தாத்தா அந்தக் காட்டுக்குள் ஏலக்காய் பறிக்கப் போனவர். பாட்டி இன்றைக்கும் அந்த மலையைக் காட்டி அதைத்தான் சொல்லும். பிறகு காட்டைக் காப்பாற்றவென்று ஏலச் செய்கையைத் தடை செய்தார்கள். 2000இல் பாதுகாப்பு வனம், 2010இல் உலக மரபுரிமை. காடு பிழைத்தது நல்லதுதான். ஆனா எங்கள் வீட்டில் அது ஒரு வேலை போன கதை.

பெட்ச்மேட்டின் அப்பா போனில் ஒன்றைத்தான் சொன்னார்: "எந்தப் பக்கத்தால வந்தாலும் பரவாயில்ல புதா, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ரோட்டில நிக்க வேணாம்." வஸ்கமுவ தேசியப் பூங்கா அவர்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். யானைக்கு எல்லைக் கல் தெரியாதே.

ஆகஸ்டில் கிளம்பினோம். மேற்குச் சரிவு முழுக்க மூடுபனி. ரத்தோட்டைக்குப் பிறகு பாதி தூரம் மிதித்தோம், பாதி தள்ளினோம். கணவாயில் காற்று சைக்கிளைப் பிடுங்கப் பார்த்தது. இறங்கிக் கையால் பிடித்துக்கொண்டுதான் தாண்டினோம். அந்தப் பக்கம் போனதும் மழையைக் காணோம். ஒரே மலைதான், ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்த புல். தென்மேல் காற்று தன் மழையை எல்லாம் மேற்கிலேயே கொட்டிவிட்டு வருகிறது என்று ஓ/எல் புவியியலில் மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் உடம்பில் பட்டது.

பிட்டவல பத்தனையில்தான் சண்டை. பாறைமேல் விரித்த பச்சைப் பாய் மாதிரி ஒரு புல்வெளி. "மச்சான், இதுக்குள்ளால ஒரு இறக்கம் விடுவம், வீடியோ எடு" என்றான். மௌன்டன் பைக் என்றால் இதற்குத்தானே என்பது அவன் நியாயம். அங்கே மண் மெல்லிசு, கீழே உடனே பாறை. டயர் ஒரு கோடு கிழித்தால் அடுத்த மழை அதை வாய்க்கால் ஆக்கிவிடும். இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பாறைத் தவளை இனமும் இருக்கிறது. நான் தவளையைப் பற்றிச் சொல்ல, அவன் சிரித்தான். கடைசியில் தாத்தா கதையைச் சொன்னேன். இந்தக் காட்டுக்காக வேலையை விட்டவர்களின் பேரன் டயரால் உழுதுவிட்டுப் போவதா என்று கேட்டேன். கொஞ்சம் நாடகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவன் பேசாமல் ரோட்டுக்குத் திரும்பினான்.

அந்தச் சண்டையில் அரை மணித்தியாலம் போனது. மிச்ச நேரத்தை பிரேக் தின்றது. மேலே ஈரமான ரிம்மில் பிடிக்காத பிரேக், கீழே இறக்கத்தில் பிடித்துப் பிடித்தே தேய்ந்து போனது. மோசமான வளைவுகளில் மச்சான் இறங்கி நடந்தான். பல்லேகம பக்கம் வரும்போது மூன்றரை. பழைய பல்லேகம டவுன் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆசை, நேரம் இல்லை.

எப்படியாவது மிதித்து முடிப்போம் என்றான் அவன். நான் போன் எடுத்தேன். பெட்ச்மேட்டின் அப்பா லேண்ட்மாஸ்டரில் வந்தார். சைக்கிள்களைப் பெட்டியில் படுக்கப் போட்டுவிட்டு நாங்களும் ஏறிக்கொண்டோம். ஹெட்டிப்பொலவுக்கு முன்னால் ரோட்டு நடுவில் யானை லத்தி, இன்னும் ஆவி பறந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் வேகம் கூட்டினார். மச்சான் அதற்குப் பிறகு வீடியோ பற்றிப் பேசவே இல்லை.

இரவு பாட்டிக்குக் கோல் எடுத்தேன். "ஏலக்காய் வாசம் வந்துச்சா?" என்று கேட்டது.

இல்ல பாட்டி, பிரேக் ரப்பர் கருகின வாசம்தான் வந்துச்சு.