பாலாற்றுக்கு அக்கரையில் பாரதம்

காஞ்சிபுரம் வருகிறவர்கள் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று மூன்று கோயிலைப் பார்த்துவிட்டு, காந்தி ரோட்டில் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு, மாலைக்குள் வண்டி ஏறிவிடுகிறார்கள். பாண்டவதூதப் பெருமாள் கோயில் அவர்கள் பட்டியலில் இருப்பதில்லை. ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆழ்வார்கள் பாடிய திருப்பாடகம் அதுதான். கருவறையில் ஏறத்தாழ 25 அடி உயரத்துக்குக் கிருஷ்ணன் உட்கார்ந்திருக்கிறான். தூது வந்தவனை மடக்க துரியோதனன் நிலவறை தோண்டி, மேலே மூடி, அதன்மேல் ஆசனம் போட்டு வைத்தானாம். உட்கார்ந்ததும் ஆசனம் உள்ளே போனது. கிருஷ்ணன் விசுவரூபம் எடுத்தான். அந்தக் கோலத்தை அண்ணாந்துதான் சேவிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் கேட்டார்: "ஐயரு கதை சொன்னாரா சார்? இதையே நீங்க எங்க ஊரு கூத்துல பாக்கணும். துரியோதனன் ஒரு மணி நேரம் பாடுவான், அப்பறந்தான் கிஷ்ணனுக்கு நாற்காலியே வரும்." அவருக்குப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், வெம்பாக்கம் வட்டாரத்தில் ஒரு கிராமம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது என்றும் அன்று ராத்திரி பகடை துகில், அதாவது சூதாட்டமும் துகிலுரிதலும், என்றும் சொன்னார். "வாடகை வேணாம், சாப்பாடும் நம்ம வீட்ல. காலைல கொண்டாந்து வுட்டுடறேன்." பட்டுக் கடைக்காரர்கள் யாரும் எனக்கு இப்படி ஒரு சலுகை தந்ததில்லை.

இந்த வட்டாரத்தில் பாரதம் கேட்பது பழைய வழக்கம். காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது, கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அங்குள்ள சிவன் கோயிலுக்கு ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் கொடுத்த செப்பேட்டில் நிலத்தின் விளைவைப் பங்கு போட்டிருக்கிறார்கள். மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு. ராஜ்ஜியம் போனது, பங்கு போனது, வாசிப்பு மட்டும் கோயிலை விட்டு வெளியே வந்து வயல்வெளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பங்குனியிலிருந்து ஆடி வரை வடமாவட்டக் கிராமங்களில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்துக்கு விளக்கம் சொல்வார். இரவில் அதையே கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். வில்வளைப்பில் கிளம்பிப் பதினெட்டாம் போரில் முடியும். கடைசி நாள் காலையில் துரியோதனனை ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய மண்ணுருவமாகப் படுக்கவைத்துப் படுகளம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காஞ்சித் தெருக்களிலேயே நடப்பதாக எழுதிய மத்தவிலாச நாடகத்தைக் காப்பாற்றி ஆடியவர்கள் கேரளத்துச் சாக்கியார்கள். பாரதம் மட்டும் இந்த மண்ணைவிட்டுப் போகவில்லை.

காஞ்சியின் சங்கீதம் என்றால் நாயனாப் பிள்ளையையும் டி.கே. பட்டம்மாளையும் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பெயர்கள்தான். ஆனால் அதே காஞ்சிக்கு வெளியே, புஞ்சையரசந்தாங்கலில், இன்னொரு பாட்டுக்காரர் தன் ஆயுளைச் செலவழித்திருக்கிறார். பெ. ராஜகோபால் 1953இல் பிறந்தவர். ஊர் பெருங்கட்டூர். அப்பா பொன்னுசாமி கூத்து வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பத்து வயதில் அப்பாவின் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சேர்ந்தார். கூத்துக் குடும்பத்துப் பையன்களுக்கு அன்று அதுதான் நடந்தது. இரவெல்லாம் முழித்தவன் காலையில் வாய்ப்பாடு சொல்ல முடியுமா? எண்பதுகளில் நெதர்லாந்திலிருந்து ஹன்னே டி ப்ரூயின் ஆராய்ச்சிக்காக வந்தார். ராஜகோபாலைத் திருமணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார். லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய அவரது ஆய்வு 1999இல் நூலாக வந்தது.

1990இல் ராஜகோபாலும் பல ஜமாக்களின் கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். புரிசை ஊர்க் கூத்துக்காரர்கள் இதைத் தெருக்கூத்து என்கிறார்கள். சங்கத்தார் கட்டைக்கூத்து என்பார்கள். ராஜ வேஷக்காரர் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கட்டைகள்; பெயர் அதிலிருந்து வந்தது. பெயர்ச் சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. சங்கம் 2002இல் திறந்த குருகுலம்தான் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பாடப் புத்தகமும் படித்தார்கள், அடவும் பாட்டும் படித்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர், அப்படி நிற்க வேண்டிய அவசியமில்லாத ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டார். பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ஆண்களே சேலை கட்டித் திரௌபதியாக நின்ற கலையில் இது சாதாரண விஷயமில்லை. அங்கே படித்து வந்த திலகவதி பழனி இன்று தொழிலாகவே வேஷம் கட்டுகிறார். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு வருடம் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இடையில் கர்நாடக இசைப் பாடகர்கள் டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் ராஜகோபாலின் குழுவோடு ஒரே மேடையில் பாடினார்கள். சபா ரசிகர்கள் அப்போதுதான் கூத்துக்காரரின் குரலைக் கேட்டிருப்பார்கள்.

குரல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அரிதாரத்தையும் சுழன்றாடுவதையும் வர்ணிப்பார்கள். 2024இல் வந்த ‘ஜமா’ படத்திலும் கண்ணில் நிற்பது வேஷம்தான். ஆனால் கூத்துக்காரர் முதலில் பாட்டுக்காரர். மைக் வராத காலத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டில் படுத்திருப்பவனுக்கும் கேட்க வேண்டியிருந்தது. அதனால் சுருதி உச்சத்தில் இருக்கும். துரியோதனனும் திரௌபதியும் ஒரே சுருதியில்தான் பாடுவார்கள். அந்த உயரத்தில் கூடவே ஓட, ஒரு முழத்துக்கும் குறைவான முகவீணை. ஆர்மோனியம் வந்த பிறகு அதை ஊதுகிறவர்கள் அருகிவிட்டார்கள்.

அன்றிரவு நான் பார்த்த ஜமாவில் ஒருவர் இருந்தார். அறுபது தாண்டிய மனிதர், பெஞ்சின் ஓரத்தில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு மேல் களரி கட்டினார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர்த் தலைவரையும் என் ஆட்டோக்காரரையும் கிண்டலடித்தான். பிறகு திரை பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே துரியோதனன் பாட ஆரம்பித்தான். கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. ஒவ்வொரு அடி முடிவையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட, அவர்கள் மூச்சு விடும் இடத்தை முகவீணை நிரப்பியது. அந்த மனிதர் கண்ணை மூடவில்லை. ஆடுகிறவனின் வாயையே பார்த்துக்கொண்டு ஊதினார்.

துகிலுரியும் கட்டம் விடிகாலை மூன்று மணி வாக்கில் வந்தது. துச்சாதனன் சேலையைத் தொடுமுன் ஆட்டம் நின்றது. அதுவரை கர்ஜித்துக்கொண்டிருந்தவர் கற்பூரம் ஏற்றி, அம்மன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டு, தன் பிழையைப் பொறுக்கச் சொல்லிப் பாடினார். பெண்கள் எழுந்து நின்றார்கள். திரௌபதி வேஷம் போட்டிருந்த இளைஞன் கிருஷ்ணனைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தான். அந்தக் குரல் ஏறிக்கொண்டே போன நேரத்தில் கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து, இன்னார் வீட்டு மருமகன் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு தந்தார் என்று அறிவித்தான். யாருக்கும் உறுத்தவில்லை. திரௌபதி காத்திருந்து, விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். சென்னை சபாவில் கைப்பேசி அடித்தால் நாம் முகம் சுளிக்கிறோம். இங்கே ஐம்பது ரூபாய்க்காரரும் சபையில் ஒருவர்.

விடிந்ததும் எல்லோரும் கோயிலுக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்தார்கள். துச்சாதனன் டீ வாங்கிவந்து திரௌபதிக்குக் கொடுத்தார். வாத்தியார் பணத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முகவீணைக்காரர் சீவாளியைக் கழற்றித் தகர டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாயனத்துக்குக் கெடைக்கும் சார். இந்த சைசுக்கு எவன் செய்யறான்? நானேதான் சீவிக்கறேன்."

"உங்ககிட்ட யாராவது கத்துக்கறாங்களா ஐயா?"

"ஒருத்தன் வர்றான். பாலிடெக்னிக்கு படிக்கறான், லீவு வுட்டா வருவான். மூச்சு நல்லா நிக்குது பையனுக்கு. ஆனா பாட்டு தெரியாம ஊதறான். மொதல்ல பகடை துகிலு முழுசும் பாடிக் காட்டுடா, அப்பறம் ஊதலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

வாத்தியார் கூப்பிட்டார். தன் பங்கை எண்ணிப் பார்த்து, பத்து ரூபாய் குறைகிறது என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு, செய்யாறு பஸ்ஸைப் பிடிக்கப் போனார். அன்று ராத்திரி வேறொரு ஊரில் கர்ண மோட்சம். கருமாதி வீட்டுக்காரர்கள் அச்சாரம் கொடுத்திருந்தார்கள்.