இரு வண்ணம், ஒரு தாள்

அயலிடத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கவலை உண்டு. குழந்தை தமிழ் பேசுகிறது. தமிழ் எழுத்தைப் படிக்க மட்டும் அறியாது. இக்கவலையை நாம் முதலிற் கண்டது கடல் கடந்த நாட்டிலன்று; சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்தில், எமது இல்லத்திலேயே.

1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எம் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. எம் பாட்டியாரை ஆயா என்றே அழைப்போம். அவர் அறிந்தது தமிழெழுத்து ஒன்றே. எம் தம்பியோ பள்ளியிற் கற்ற தெலுங்கெழுத்தையே அறிவான்.

சென்னையில் ஓவியம் பயின்ற நாளில், ஆயா சொல்லும் ஏரிக்கரைக் கொக்கின் கதையை, தமிழைச் சிவப்பிலும் தெலுங்கை நீலத்திலும் அச்சிட்டுச் சிறு நூலாக்க எண்ணினோம். கைப்பொருள் சிறிதாதலின், வினாத்தாள் அச்சிடும் கடையொன்றிலிருந்த ரிசோகிராப் பொறியை நாடினோம்.

சைக்ளோஸ்டைல் பொறியை அன்பர்கள் பலர் அறிவர். மெழுகுத் தாளிற் கீறிய வழியே மை இறங்குவது அது. ரிசோகிராப் அதன் வழித்தோன்றல். 1946-இல் தோக்கியோவில் பிறந்த ரிசோ நிறுவனம் 1980-களில் பரவச் செய்தது. இதில் வெப்பமுனை மெல்லிய தாளில் நுண்துளைகள் இடும். அத்தாள் உருளையைச் சுற்றிக்கொள்ள, உள்ளிருக்கும் மை துளைவழியே வெளிப்படும். உருளை ஒன்றுக்கு ஒரு வண்ணமே. அடுத்த வண்ணத்திற்கு உருளையை மாற்றி, அதே தாளை மீண்டும் செலுத்தவேண்டும்.

அங்கேதான் இடறினோம். தமிழ் வரிகளுக்கிடையே தெலுங்கு வரிகளை நெருக்கிப் புகுத்தியிருந்தோம். இரண்டாம் முறை தாள் சற்றே விலக, இரு மொழியும் முட்டி ஊதாக் குழம்பாயின. திங்கட் செலவுக்கு வைத்த பணம் குப்பைக்கூடையில் கிடந்தது.

விடுமுறையிற் காளத்தி சென்றோம். அங்கே கலம்காரிக் கைவினைஞர், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கருஞ்சாற்றால் முதலிற் கோடு வரைந்தனர். பிறகே ஒவ்வொரு வண்ணமாக ஏற்றினர். இடையிடையே துணியை அலசி உலர்த்தினர். ஒன்று தன் இடத்தில் நிலைபெறும்வரை மற்றொன்று காத்திருந்தது.

எம் பிழை விளங்கிற்று. இடப்பக்கம் தமிழுக்கும் வலப்பக்கம் தெலுங்குக்கும் விட்டோம். சிவப்பும் நீலமும் கலப்பதற்குக் கொக்கின் படம் ஒன்றே போதும். ஓரிரவு உலரவிட்டு, மறுநாள் இரண்டாம் வண்ணம் ஏற்றினோம். 40 படிகள் தேறின.

ஆயா இடப்பக்கத்தை வாசித்தார். தம்பி வலப்பக்கத்தில் விரலோட்டித் தொடர்ந்தான். முடிந்ததும் அவன் விரல் இடப்பக்கம் தாவியது. "ஆயா, இது என்ன எழுத்து?" என்றான். "ஏரிக்கு ஏ" என்றார். அன்று தொடங்கிய பாடம் கோடை முழுதும் நடந்தது.

ஆயா இன்று இல்லை. அந்நூலைத் தொட்டால் நீலமை இன்னும் விரலில் ஒட்டுகிறது. அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோர் சொல்லும் கதையொன்றை, அவர் இருக்கும்போதே, இரு பக்கங்களில் இரு மொழியில் எழுதி வையுங்கள். பொறி எதுவாயினும் ஆகுக. தமிழுக்கு ஒரு பக்கம் இருந்தாற் போதும்.