நிலத்துக்கு அடியில யாரோட குழாய் ஓடுது?



எங்க பக்கம் இப்ப தோட்டம் பாக்க வாரத்துக்கு ரெண்டு கார் வருது. வர்றவங்க பட்டா கேக்கறாங்க, வில்லங்கம் போட்டுப் பாக்கறாங்க, கெணத்துல தண்ணி எத்தனை அடியில நிக்குதுன்னு எட்டிப் பாக்கறாங்க. "இந்த மண்ணுக்கு அடியில யாரோட குழாய் போகுது?"ன்னு ஒருத்தரும் கேட்டு நான் பாக்கலை. இதைப் படிக்கறவங்கள்ல நாலு பேராவது நாளைக்கு ஒரு ஏக்கரா வாங்குவீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

கொங்கு நாட்டுல கெணறு ஓரிடம், காடு ஓரிடம்னு இருக்கறது சகஜம். பள்ளத்துல கெணறு வெட்டினாத்தான் தண்ணி. அதை மேட்டுக்காட்டுக்குக் கொண்டுபோக, நடுவுல அடுத்தவங்க நிலத்தைத் தாண்டியாகணும். முன்னெல்லாம் மண் வாய்க்கால். போற வழியிலயே பாதித் தண்ணியை மண்ணு குடிச்சிரும். பிவிசி பைப் வந்தப்பறம்தான் அந்தக் கவலை தீந்தது.

எங்க அய்யன் 1991ல நாலு இன்ச் பைப்புல லைன் போட்டாரு. நடுவுல பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா காடு. "பைப்பு என் காட்டுல போகட்டும் தம்பி, வாரத்துல ஒரு நாள் எனக்குத் தண்ணி உடு"ன்னாரு. அவ்வளவுதான் பேச்சு. அவர் காட்டுல ஒரு கேட் வால்வு வச்சுக் கொடுத்தோம். பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. ரெண்டு பேரும் இருந்த வரைக்கும் ஒரு மனத்தாங்கல் கிடையாது.

அப்ப பொக்லைன் ஏது? கடப்பாரையும் மம்பட்டியும் வச்சு ஆளுங்க இடுப்பளவு தோண்டினாங்க. அந்த ஆழத்துக்குக் காரணம் இருக்குதுங்க. உளிக்கலப்பை ஒன்றரை அடி வரைக்கும் இறங்கும். அதுக்குக் கீழே பைப் போகணும். மேலேயே கிடந்தா வெயில்பட்டுப் பைப்பு மொறுமொறுன்னு ஆயிரும். குழியோட அடியில கல் இருக்கக் கூடாது. முதல்ல நைஸ் மண்ணு போட்டு மூடணும். பைப்பு வளையற இடத்துல காங்கிரீட் முட்டுக் கொடுக்கணும், இல்லைன்னா தண்ணி வேகத்துல ஜாயிண்ட் பிடுங்கிக்கும். மேடான இடத்துல காத்து வெளியேற ஒரு குழாயை நட்டுக்கா நிறுத்தணும். ஒட்டின பசை காஞ்சதும் மோட்டாரைப் போட்டு, கசிவு இல்லைன்னு பாத்துட்டுத்தான் முழுசா மூடணும்.

பெரியப்பா காலமாகிட்டாரு. மகன் கோயமுத்தூர்ல வேலையில இருக்காரு, காட்டை வித்துட்டாரு. வாங்கினது ஒரு சென்னைக்காரர். சித்திரை மாசம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டப் பொக்லைன் வந்தது. ஒரே வெட்டு, பைப்பு ரெண்டு துண்டு. மேட்டுல என் வாழை தார் விட்டு நிக்குது. அந்த வெயில்ல தண்ணி நின்னா தார் ஊறாது, மரம் ஒடிஞ்சு விழும்.

"என் நிலத்துல பைப் போட உங்களுக்கு யார் சார் அனுமதி கொடுத்தது?"ன்னு அவர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். அவர் கையில இருந்த பட்டாவுல, புலப்படத்துல, வில்லங்கச் சான்றுல எதுலயும் எங்க லைன் கிடையாது. பதில் சொல்ல வேண்டிய ரெண்டு பேரும் உயிரோட இல்லை.

வக்கீலைப் பாத்தேன். 1882ஆம் வருசத்து வசதியுரிமைச் சட்டத்துல 20 வருசம் தடையில்லாம, வெளிப்படையா அனுபவிச்சா உரிமை கோரலாம்னாரு. "ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள வாழை காஞ்சிருமுங்க"ன்னும் அவரே சொன்னாரு.

திரும்பப் போய் அவர்கிட்டயே பேசினேன். மனுசன் நல்லவரு. வாடிப்போன வாழையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினப்பறம் மறு பேச்சு பேசலை. வீட்டுக்கு நடுவுல லைன் போக முடியாது, வேலியோரமா மூணு அடி விடறேன்னாரு. 24 பைப்பு என் செலவு, பொக்லைன் வாடகை அவரோடது. நாலாம் நாள் தண்ணி ஏறிடுச்சு. இந்தத் தடவை எழுதிப் பதிவும் பண்ணிட்டோம். பெரியப்பாவுக்குக் கொடுத்த அதே ஒரு நாள் தண்ணி இப்ப அவர் வைக்கற தென்னங்கன்னுக்குப் போகுது.

பெட்ரோல், கேஸ் குழாய்க்கு 1962லயே தனிச் சட்டம் உண்டு. அது போற பட்டையில வீடு கட்டக் கூடாது, கெணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மேலே அடையாளக் கல்லும் நட்டிருப்பாங்க. ரோட்டோரம் தோண்டறவங்க முன்கூட்டியே சொல்ல, 2023ல மத்திய அரசு ஒரு செயலியே விட்டிருக்கு. விவசாயி போட்ட குழாய் இது எதுலயும் வராது.

அதனால நிலம் வாங்கறவங்க கோடையில ஒரு நடை நடந்து பாருங்க. காட்டுக்கு நடுவுல தனியா நிக்கற குழாய், மூடி போட்ட சின்னத் தொட்டி, காஞ்ச புல்லுக்கு நடுவுல நேர்கோடா ஒரு பச்சை, இதெல்லாம் அடியில லைன் இருக்கறதுக்கு அடையாளம். தோண்டறப்ப வரிசையாச் செங்கல் தட்டுப்பட்டா உடனே நிறுத்துங்க. கரண்ட் கேபிளுக்கு மேலதான் அப்படி அடுக்குவாங்க. சுத்தியிருக்கற நாலு தோட்டத்துக்காரங்களையும், அங்க தண்ணி கட்டற ஆளையும் கேளுங்க. விக்கறவரைவிட அவங்களுக்குத்தான் தெரியும்.

லைன் போடற விவசாயிகளுக்கும் ஒண்ணு சொல்றேன். குழியை மூடறதுக்கு முன்னால போன்ல போட்டோ எடுங்க. வேலிக்கல்லுல இருந்து எத்தனை அடின்னு அளந்து, ஒரு தாள்ல வரைஞ்சு பத்திரத்தோட வைங்க. பைப்பு மேல ஒரு அடி மண்ணு போட்டு, சிவப்பு ரிப்பன் ஒண்ணை நீட்டி விடுங்க. தோண்ட வர்ற தம்பிக்கு முதல்ல அது தட்டுப்படும்.