கரிக்கோலின் வேலை

கொழும்புத்துறைக் கரையில் மட்டி பொறுக்கப் போன எம் உள்ளங்காலை ஓடொன்று கிழித்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களின் முற்பகுதி. எமக்கு அப்பொழுது பத்து வயது. காயங் கட்டியவர், நுரைக்கும் மருந்தென்று ஒரு போத்தலைத் திறந்து ஊற்றினார். நுரை எழவில்லை. "இது பச்சைத் தண்ணியாப் போச்சுது, தம்பி" என்று சலித்து, உப்புநீரை எடுத்தார். அந்த எரிவு இன்றும் நினைவிலுண்டு.

அம்மருந்து ஐதரசன் பரவொட்சைட்டு. (வளருந் தசையையும் அது சுடுமென்று இக்கால மருத்துவர் அதனைக் காயத்துக்கு அவ்வளவாக விரும்புவதில்லை.) வெப்பத்திலும் ஒளியிலும் நெடுநாள் கிடந்தால், அது தானே நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடும். 1818இல் தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட இப்பொருளின் பெரும்பகுதி, இன்று பாரிய ஆலைகளில் ஐதரசன் வாயுவையும் பலேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தையுங் கொண்டு ஆக்கப்படுகின்றது. பின்னர் செறிவாக்கப்பட்டுத் தொலைதூரம் அனுப்பப்படுகின்றது. பாதை அடைபட்ட ஊருக்கு அது வந்துசேர்வது எங்ஙனம்?

ஒட்சிசன் தயாரித்துக் காட்டுவதற்கு, பரவொட்சைட்டில் மங்கனீசீரொட்சைட்டை இடுவது ஆய்வுகூட வழக்கம். பழைய டோர்ச் பற்றரியின் கறுப்புத் தூளில் அது உண்டு. அண்மையில் ஒரு பற்றரியை உடைத்தபோது, மாணவி ஒருத்தி நடுவிலிருந்த கரிக்கோலைக் காட்டி, "சேர், இதுவும் அந்த வேலை செய்யுமோ?" என்றாள். தூள் அழிப்பதனைக் கரி ஆக்கவல்லது என்றோம். அவள் நம்பவில்லை.

நீரிற் கரைந்த ஒட்சிசன், மின்வாயில் நான்கு இலத்திரன்களைப் பெற்றால் நீராகும். இரண்டோடு நின்றாற் பரவொட்சைட்டாகும். பிளாற்றினம் பெரும்பாலும் நான்கையுங் கொடுத்துவிடும். கரியோ இரண்டோடு நிறுத்தவல்லது. 1939இலேயே பேள் என்பவர் கரி மின்வாயால் இதனைச் செய்துகாட்டினார். 2018இல் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தார், காபன் நுண்குழாய்களை நைத்திரிக்கமிலத்திற் காய்ச்சி, அவற்றின் மேற்பரப்பில் ஒட்சிசனைப் பிணைத்தனர். அதன்பின் காரக் கரைசலில் ஏறத்தாழ 90 வீதம் பரவொட்சைட்டாகும் வழியிலேயே சென்றது. இவ்வூக்கிக்கு உலோகம் வேண்டியதில்லை.

பற்றரிக் கோல் இறுகியது. நுண்துளை மலிந்த கரியே இதற்கு ஏற்றது. சிரட்டைக்கரிக்கு உயிர்ப்பூட்டி ஏற்றுமதி செய்யும் நாடு எம்முடையது! கிடைப்பது ஐதான கரைசல்தான். எனினும் நீரைத் தூய்மையாக்க ஐதானதே போதும். காற்றும் நீரும் கூரைமேல் வெயில் தரும் மின்னும் கொழும்புத்துறைக்குக் கப்பலேறி வரவேண்டியவையல்ல.

சிரட்டை கொண்டுவர அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். மின்வழங்கியைத் தேடுவது எம் பொறுப்பு.