நீ வாசி, பயன் நான் சொல்லுறன்

என் முனைவர் பட்ட ஆய்வுக்கென்று, ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வினாப்படிவம் தயாரித்தேன். ‘பிள்ளையின் வாசிப்புக்குத் துணை நிற்பவர் யார்? அவருடைய எழுத்தறிவு நிலை என்ன?’ என்று அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. பிறரிடம் கொடுப்பதற்கு முன் என் சிறுவயதை நினைத்து நானே நிரப்பிப் பார்த்தேன். முதல் கேள்விக்கு ‘அம்மம்மா’ என்று எழுதினேன். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது.

அம்மம்மா கைநாட்டு.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், எங்கள் ஊர் முருகன் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார்; பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்லுவார். உரை சொல்வதைப் ‘பயன் சொல்லுதல்’ என்பதுதான் எங்கள் வழக்கு. கச்சியப்பர் பாடியவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள். அம்மம்மா தூணோரம் கண்மூடி இருப்பார். வாசிப்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அவர் தலை நிமிரும். “அது அப்படியில்லைத் தம்பி” என்பார். வாசித்தவர் புத்தகத்தை மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்வார். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர் புத்தகத்தைத் திருத்துகிறாரே என்று அங்கே யாரும் வியந்ததில்லை. வருடந்தோறும் கேட்ட காது அது.

நான் அரிவரியில் சேர்ந்தது 1990இல். அந்த ஆண்டுதான் போரால் ஊரில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தல் விளக்கு எரியும் கொஞ்ச நேரத்துக்குள் பாடத்தை முடிக்க வேண்டும். அம்மம்மா பாயில் வந்து இருந்து, “பிள்ளை, நீ வாசி, பயன் நான் சொல்லுறன்” என்பார். பாடத்தில் பனைமரத்தைப் பற்றி நான்கு வரிதான் இருக்கும். அவர் சொல்லும் பயனோ பினாட்டுப் பாயில் தொடங்கி, பனம்பாத்தி, கிழங்கு, ஒடியல் என்று ஒரு வருசத்தையே சுற்றி வரும். விளக்கை அணைத்த பிறகும் பயன் முடியாது. இருட்டுக்குள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த ஆண்டு அம்மம்மா ஊருக்குத் திரும்பினார். நாங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கு வந்துவிட்டோம்.

இங்கே என் ஆய்வுக்காக, நூலகத்தில் இருந்து ஆய்வாளர் சேர்லி பிறைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட நூலை வாசித்தேன். எழுத்தைச் சுற்றி மனிதர்கள் கூடிப் பேசுவதையும் எழுத்தறிவின் பகுதியாகவே அவர் பார்த்திருந்தார். லூயிஸ் மோலும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992இல் எழுதிய கட்டுரையையும் வாசித்தேன். அரிசோனாவின் ரூசான் நகரில், ஆசிரியர்கள் மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கற்றுக்கொள்ளப் போனார்கள். பயிர், கால்நடை, சுரங்கம், கைமருந்து என்று அந்த வீடுகளில் சேர்ந்திருந்த அறிவைக் கண்டு, அதிலிருந்து பாடம் அமைத்தார்கள். அந்தப் பக்கங்களில் எனக்குத் தூணோரம் தெரிந்தது. கண் கலங்கிப் புத்தகத்தை மூடி வைத்தேன். பிள்ளையின் மொழியையும் பண்பாட்டையும் மதித்து வளர்க்கும் கல்வி என்று இங்கே நாங்கள் கருத்தரங்குகளில் பேசுவதை, அம்மம்மா பாயில் இருந்தபடி செய்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் ஒரு தமிழ் வகுப்புக்குப் போகிறேன். போன மாதம் ஒரு சிறுவன் ‘கிணறு’ என்ற சொல்லைப் பிழையின்றி வாசித்தான். பிறகு, அது என்னவென்று கேட்டான். படம் காட்டினேன், தலையாட்டினான். கிணற்றுக்குப் பயன் சொல்வதென்றால் துலா வேண்டும், விடியற்காலையில் அது எழுப்பும் சத்தம் வேண்டும், தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிவரும்போது எழும் மண்வாசம் வேண்டும். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கோயிலில் நான் ஒரு சொல்லைத் தவறவிட்டிருந்தால் நிமிர ஒரு தலை இருந்திருக்கும். அந்த வகுப்பறையில் நான் சொன்னதே முடிவாகிவிட்டது.

படிவத்தின் இரண்டாவது கேள்வியை எடுத்துவிட்டேன். ‘பிள்ளைக்குப் பயன் சொல்பவர் யார்?’ என்று எழுதினேன்.

கனடாவுக்கு வந்த புதிதில் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். பனி, பள்ளிக்கூடம், புது மொழி எல்லாம் அதில் இருக்கும். அயல்வீட்டுப் பிள்ளை வாசித்துக்காட்ட, அம்மம்மா கண்மூடிக் கேட்பாராம். முடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு நெடுநேரம் பயன் சொல்லுவாராம். பனியைக் கண்டிராதவர் பனிக்கு என்ன பயன் சொன்னாரோ! அதைக் கேட்க நான் அங்கே இல்லை. இப்போது அவரும் இல்லை.